தானாக ரீஸ்டார்ட் ஆகும் கணினி: சுவரிலிருந்து தொடங்குங்கள்

போன ஆண்டு மாசி மாதம், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் தன் கணினியைப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டு என் கடைக்கு வந்தார். கோயில் கணக்கு எழுதுகிற கணினி அது. பங்குனி உத்திரத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

"தம்பி, விண்டோஸ் ரெண்டு தடவை போட்டாச்சு. ரேம் மாத்தியாச்சு. இன்னும் அதே கதைதான். எழுதிக்கிட்டே இருப்பேன், பட்டுன்னு அணைஞ்சு தானா திரும்ப எழும்பும். இதைச் சரி பண்ணலாமா, பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுடலாமா?"

அதுவரை 260 வெள்ளி செலவழித்திருந்தார். என் மேசையில் வைத்து மூன்று நாள் ஓட்டினேன். ஒரு தடவைகூட விழவில்லை. நான்காம் நாள் அவர் வீட்டுக்குக் கொண்டுபோனார், அன்று மாலையே விழுந்தது.

இந்தக் கணினிக்கு என்ன ஆகியிருந்தது என்பதை வழியில் சொல்கிறேன். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இந்தத் தொழிலைப் பல வருடமாகச் செய்கிறேன். ரீஸ்டார்ட் புகாரோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே வரிசையில்தான் போயிருக்கிறார்கள்: முதலில் விண்டோஸ், அப்புறம் ரேம், அப்புறம் பவர் சப்ளை. வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக்கை யாரும் பார்ப்பதில்லை. நான் அதைத் திருப்பிப் போடச் சொல்கிறேன். காசு செலவில்லாத சோதனைகள் முதலில், காசு கேட்கும் சோதனைகள் கடைசியில்.

தொடங்கும் முன்

முக்கியமான கோப்புகளை இன்றைக்கே ஒரு பென்டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்கிலோ நகல் எடுத்து வையுங்கள். வட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது கணினி விழுந்தால் அந்தக் கோப்பு கெடலாம், சில சமயம் விண்டோஸே எழும்பாமல் போகலாம். பழுதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகலாம். அந்த ஒரு வாரத்தில் பிள்ளையின் கல்யாணப் படங்கள் போனால் என்னிடம் வந்து அழுது பயனில்லை.

இன்னொரு விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ரேமையும் மாற்றி, பிளக்கையும் மாற்றி, விண்டோஸையும் புதுப்பித்து, அப்புறம் கணினி ஒழுங்காக ஓடினால் எது குணப்படுத்தியது என்று யாருக்கும் தெரியாது. பழுது திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

படி 1: எப்படி விழுகிறது?

"ரீஸ்டார்ட் ஆகுது" என்று எல்லோரும் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் அதில் நான்கு விதம் இருக்கிறது.

திரையில் "அப்டேட் ஆகிறது, அணைக்காதீர்கள்" என்பது போல ஏதாவது வந்து, அப்புறம் நிதானமாக மறுபடி எழும்பினால் அது பழுதே இல்லை. விண்டோஸ் தன் அப்டேட்டைப் போட்டுக்கொள்கிறது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பகுதிக்குப் போய் 'ஆக்டிவ் அவர்ஸ்' என்ற இடத்தில் நீங்கள் வேலை செய்யும் நேரத்தைக் கொடுத்துவிடுங்கள். 18 மணி நேரம் வரை கொடுக்கலாம். அந்த நேரத்தில் அது தானாக ரீஸ்டார்ட் ஆகாது.

நீலத் திரை ஒரு கணம் மின்னிவிட்டு ரீஸ்டார்ட் ஆனால், விண்டோஸ் ஏதோ ஒரு தவறைப் பிடித்து, மேலே போக முடியாமல் தானே நிறுத்தியிருக்கிறது. ரேம், டிரைவர், வட்டு, கிராபிக்ஸ் கார்டு, இவற்றில் ஒன்று.

யாரோ பிளக்கைப் பிடுங்கியது போல, ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் திரை கறுத்து, உடனே மறுபடி எழும்பினால் பெரும்பாலும் மின்சாரம் அல்லது பவர் சப்ளை. நம் ஊரில் நான் அதிகம் பார்ப்பது இந்த விதம்தான்.

அணைந்து, அணைந்தபடியே கிடந்தால் சூட்டைச் சந்தேகிக்கலாம். புராசசர் சூடானால் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே போனால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மொத்தமாக அணைந்துவிடும்.

கடைசி இரண்டையும் பிரிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. விண்டோஸ் எழும்பும் முன்னாலேயே ஓடும் பயாஸ் என்ற அமைப்புத் திரையில், கரண்ட் போய்த் திரும்பினால் கணினி என்ன செய்ய வேண்டும் என்று ஒரு அமைப்பு இருக்கும். 'ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்' அல்லது அதுபோன்ற பெயர். அது 'பவர் ஆன்' என்று இருந்தால், கரண்ட் ஒரு கணம் போனாலும் உங்கள் கண்ணுக்கு அது ரீஸ்டார்ட் போலவே தெரியும். சோதனைக்காக அதை 'பவர் ஆஃப்' ஆக்கிவிடுங்கள். இனி கரண்ட் முழுதாகப் போய் வந்தால் கணினி அணைந்தே கிடக்க வாய்ப்பு அதிகம். பழுதின் முகம் மாறுகிறதா என்று பாருங்கள்.

இப்போது ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு தடவை விழும்போதும் தேதி, மணி, அப்போது கணினியில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், வீட்டில் வேறு என்ன நடந்துகொண்டிருந்தது, வெளியே மழையா இடியா, இவ்வளவும் எழுதுங்கள். ஆசிரியரிடமும் இதைத்தான் சொன்னேன். வாத்தியார் கை அல்லவா, சிவப்பு மையில் கோடு போட்டு அட்டவணையே தயார் பண்ணிவிட்டார். ஐந்து நாளில் ஐந்து பதிவு: மாலை 6.40, 6.35, 6.50, 6.40, 6.45. காலையில் ஒன்றுகூட இல்லை.

படி 2: கணினி எழுதிவைக்கும் குறிப்பு

உங்கள் நோட்டைப் போலவே விண்டோஸும் ஒன்று எழுதி வைக்கிறது. தேடல் பெட்டியில் ஈவென்ட் வியூவர் என்று தட்டித் திறங்கள். இடது பக்கம் 'விண்டோஸ் லாக்ஸ்', அதற்குள் 'சிஸ்டம்'. உள்ளே சிவப்பும் மஞ்சளுமாக நூற்றுக்கணக்கில் இருக்கும், பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆரோக்கியமான கணினியிலும் அப்படித்தான் இருக்கும். வலது பக்கம் 'ஃபில்டர் கரண்ட் லாக்' என்பதை அழுத்தி, எண் கேட்கும் இடத்தில் 41, 1001, 1074, 6008 என்று காற்புள்ளி வைத்துக் கொடுங்கள்.

1001 நீலத் திரை வந்ததற்கான பதிவு. 1074 வந்தால், ஏதோ ஒரு புரோகிராமோ ஆளோ முறையாக ரீஸ்டார்ட் கேட்டிருக்கிறார்கள். யார் கேட்டது என்ற பெயரும் அதிலேயே இருக்கும். 6008 என்றால் போன தடவை முறையில்லாமல் அணைந்தது என்று பொருள். அணைந்த நேரம் அதில் இருக்கும், உங்கள் நோட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

41தான் நமக்கு வேண்டியது. 'கெர்னல் பவர்' என்ற பெயரோடு வரும். இதைப் பார்த்தவுடன் "பவர் சப்ளை போச்சு" என்று முடிவு கட்டிப் புதிது வாங்கிவிடுகிறார்கள். அவசரம். முறையாக அணையாமல் எழும்பியிருக்கிறேன் என்று மட்டும்தான் அது சொல்கிறது. காரணம் அதன் உள்ளே இருக்கிறது: 'டீடெய்ல்ஸ்' பக்கத்தைத் திறந்து 'பக்செக் கோட்' (BugcheckCode) என்ற வரியைப் பாருங்கள்.

அங்கே 0 இருந்தால், தவறு என்ன என்று எழுதிவைக்கக்கூட விண்டோஸுக்கு நேரம் கிடைக்கவில்லை. மின்சாரம் அறுந்தது, ரீசெட் பட்டன் அழுந்தியது, அல்லது கணினி முழுதாக உறைந்து நீங்களே பட்டனைப் பிடித்து அணைத்தது, இவற்றில் ஒன்றாக இருக்கலாம். 0 அல்லாத எண் இருந்தால் அது நீலத் திரையின் குறியீடு. இங்கே அது சாதாரண எண்ணாக வரும். வலையில் தேடும்போது பதினாறு அடிமான எண்ணாக (ஹெக்ஸ்) மாற்றித் தேட வேண்டும். விண்டோஸ் கால்குலேட்டரிலேயே புரோகிராமர் முறையில் மாற்றிவிடலாம். அடிக்கடி பார்ப்பவை: 26 என்றால் நினைவக மேலாண்மை, முதல் சந்தேகம் ரேம். 122 என்றால் வட்டிலிருந்து படிக்க முடியவில்லை. 278 என்றால் கிராபிக்ஸ் கார்டோ அதன் டிரைவரோ பதில் சொல்லவில்லை. 292 என்றால் வன்பொருளே தன் தவறை அறிவித்திருக்கிறது. அப்போது 'வியா லாகர்' (WHEA-Logger) என்ற பெயரில் வேறு பதிவுகளும் பக்கத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

நீலத் திரை மின்னலாக ஓடிப் படிக்க முடியவில்லையா? 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' திறந்து, 'ஸ்டார்ட்அப் அண்ட் ரிக்கவரி' பகுதிக்குப் போய், 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்ற கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். இனி நீலத் திரை வந்தால் அப்படியே நிற்கும். கைப்பேசியில் ஒரு படம் பிடித்துக்கொள்ளலாம். டிக்கை எடுத்த பிறகும் நீலத் திரையே வராமல் கறுத்துப் போய் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால், விண்டோஸைப் பெரும்பாலும் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

எடுத்தவுடன் விண்டோஸைப் புதிதாகப் போடாதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணமும் இதுதான். போட்டால் இந்தப் பதிவு மொத்தமும் அழிந்துபோகும். ஆசிரியரின் கணினியில் இரண்டு தடவை அழிந்துவிட்டது. இல்லாவிட்டால் அந்த மாலை 6.40 என்ற நேரம் முதல் நாளே தெரிந்திருக்கும். மிச்சமிருந்த பதிவுகள் எல்லாம் 41, உள்ளே எல்லாம் 0.

படி 3: சுவர், பிளக், எக்ஸ்டென்ஷன்

நான் சின்னப் பையனாக இருந்தபோது லயத்தில் ஜெனரேட்டர் கரண்ட்தான். மாலையில் வரும், இரவு பத்து மணிக்குப் போய்விடும். விளக்கு மங்கினால் யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள், அது அப்படித்தான். இப்போது எல்லா வீட்டிலும் முழு நேர மின்சாரம் இருக்கிறது, ஆனால் "விளக்கு எரியுது, அப்ப கரண்ட் சரியாத்தான் இருக்கு" என்ற பழைய நினைப்பு போகவில்லை. கணினிக்கு அது போதாது.

மலேசியாவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 10 சதவீதம் கூடலாம், 6 சதவீதம் குறையலாம், அதாவது ஏறக்குறைய 216 முதல் 253 வோல்ட் வரை. கணினியின் பவர் சப்ளை இந்த ஏற்ற இறக்கத்தைச் சுலபமாகத் தாங்கும். அது தாங்காதது மின்சாரம் அறுந்துபோவதைத்தான். மின்சாரம் நின்ற பிறகு தன் உள்ளே சேர்த்து வைத்திருப்பதைக் கொண்டு ஒரு நல்ல பவர் சப்ளை முழுச் சுமையில் 16, 17 மில்லி விநாடிதான் தாக்குப்பிடிக்கும். 50 ஹெர்ட்ஸில் ஒரே ஒரு அலையின் நீளம் 20 மில்லி விநாடி. ஒரு அலை விழுந்தாலே கணினி விழலாம். உங்கள் கண்ணுக்கு விளக்கு மினுக்கியதுகூடத் தெரியாமல் போகலாம்.

ஐந்தாம் பதிவுக்குப் பிறகு ஆசிரியர் வீட்டுக்குப் போனேன். தோட்டத்தை விட்டு வந்தபோது வாங்கிய தாமான் வீடு, வயரிங்கும் அந்தக் காலத்தது. கணினி அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரில் இருந்த ஒரே பிளக் பாயிண்டில் ஒரு அடாப்டர். அடாப்டரின் ஒரு பக்கம் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய ஆறு துளை எக்ஸ்டென்ஷன், அதில் கணினி, மானிட்டர், பிரிண்டர், மேசை விசிறி. மறுபக்கத்தில் சமையலறைக்குப் போகும் இன்னொரு வயர்.

"அந்தப் பக்கம் என்ன இருக்கு சார்?"

"ரைஸ் குக்கர். அம்மா ஆறரைக்கு அரிசி போடுவாங்க."

சொல்லிவிட்டு அவரே நோட்டைப் பார்த்தார்.

சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு எக்ஸ்டென்ஷனின் பிளக்கைத் திருகிப் பிரித்தேன். உள்ளே ஃபியூஸைப் பிடித்துக்கொண்டிருக்கும் பித்தளைக் கவ்வி இருக்குமே, அதன் ஒரு பக்கம் டீ குடித்த கிளாஸின் அடிபோலப் பழுத்த பழுப்பு நிறத்தில் இருந்தது. லைவ் வயரைப் பிடித்திருந்த திருகு அரைச் சுற்று ஆடியது. வயரின் பிளாஸ்டிக் உறை நுனியில் முறுகி, விரலால் வளைத்தபோது ஒடிந்து விழுந்தது. அடாப்டரின் பித்தளையும் அதே நிறம். ரைஸ் குக்கர் வேலை செய்யும்போது அந்த அடாப்டர் சூடாகிறது, பித்தளை விரிகிறது, தளர்ந்த தொடுப்பு ஒரு கணம் விடுகிறது. அந்த ஒரு கணம் போதும். அறை விளக்கு வேறு லைனில் இருந்ததால் அது மினுக்கவே இல்லை. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

நீங்கள் பார்க்க வேண்டியவை இவை. சுவிட்சை அணைத்துவிட்டு மட்டும் தொடுங்கள். பிளக்கின் மூன்று கால்களில் எதுவாவது பழுத்திருக்கிறதா? சுவர்ப் பாயிண்டின் துளையைச் சுற்றி மஞ்சளோ கறுப்போ படிந்திருக்கிறதா? கணினி அரை மணி ஓடிய பிறகு பிளக்கின் மேல் கையை வைத்தால் சூடு தெரிகிறதா? கணினிப் பெட்டியின் பின்னால் செருகும் பவர் கேபிள் தளர்ந்து ஆடுகிறதா? அந்தக் கேபிளுக்கும் வயது உண்டு. மேசைக் காலில் நசுங்கியோ, எலி கடித்தோ கிடக்கலாம்.

அப்புறம் கணினியை வீட்டின் வேறொரு சுவர்ப் பாயிண்டில், எக்ஸ்டென்ஷன் இல்லாமல் நேரடியாக, தனியாகச் செருகி இரண்டு மூன்று நாள் ஓட்டுங்கள். முடிந்தால் அண்ணன் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். வேறு வீட்டில் விழவே இல்லை என்றால் பெட்டியைத் திறக்கும் வேலையே இல்லை. இந்தச் சோதனைக்கு ஒரு காசும் ஆகாது, ஆனால் செய்கிறவர்கள் குறைவு.

13 ஆம்பியர் பிளக் பாயிண்ட் கிட்டத்தட்ட 3,000 வாட் வரை கொடுக்கும். சாதாரண டெஸ்க்டாப் அதில் 100 முதல் 400 வாட்தான் எடுக்கும். சுமை அதிகமானது கணினியால் இருக்காது. அதே பாயிண்டில் கேத்தலும் இஸ்திரிப்பெட்டியும் தொங்கினால்தான். எக்ஸ்டென்ஷன் வாங்கும்போது சிரிம் என்ற தரச் சான்று முத்திரை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து வெள்ளி மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல. சுவருக்குள் இருக்கும் வயரை நீங்கள் தொடாதீர்கள், அதற்குப் பதிவு பெற்ற வயரிங்காரரைக் கூப்பிடுங்கள். பக்கத்து வீடுகளிலும் விளக்கு மினுக்கினால் அது உங்கள் வீட்டுப் பழுது இல்லை. மின்சார நிறுவனமான தெனாகாவின் 15454 எண்ணுக்கு அழைத்துச் சொல்லலாம்.

இடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏப்ரல், மே மாதத்திலும் அக்டோபர், நவம்பர் மாதத்திலும் மத்தியானத்துக்கு மேல் வானம் இருட்டினால், கணினியின் பிளக்கோடு மோடத்தின் பிளக்கையும் நெட்வொர்க் கேபிளையும் சேர்த்துப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. மின்னல் கேபிள் வழியாக வந்து மதர்போர்டின் நெட்வொர்க் பகுதியை மட்டும் கருக்கி, மற்றதையெல்லாம் அரைகுறையாக உயிரோடு விட்டுவிட்டுப் போன கணினிகளைப் பார்த்திருக்கிறேன். அவைதான் பிறகு மாதக்கணக்கில் காரணமில்லாமல் ரீஸ்டார்ட் ஆகும்.

படி 4: யுபிஎஸ் இருந்தால்

யுபிஎஸ், அதாவது கரண்ட் போனால் பேட்டரியில் கொஞ்ச நேரம் ஓட்டும் பெட்டி இருக்கிறது, அதனால் மின்சாரம் பிரச்சினை இல்லை என்று சொல்லாதீர்கள். பல தடவை யுபிஎஸ்தான் குற்றவாளி. அதன் உள்ளே இருக்கும் ஈய அமில பேட்டரி மூன்று முதல் ஐந்து வருடம் வரும். நம் ஊர்ச் சூட்டில், தகரக் கூரைக்குக் கீழே, அதற்கும் முன்பே போய்விடும். பேட்டரி செத்த யுபிஎஸ், கரண்ட் சின்னதாக இடறும்போது பேட்டரிக்கு மாறப் பார்த்து, முடியாமல், எல்லாவற்றையும் கீழே போட்டுவிடும். யுபிஎஸ் இல்லாமல் இருந்தால்கூட அந்தச் சின்ன இடறலைக் கணினி தாண்டியிருக்கும்.

சோதிப்பது எளிது. கணினியை அணைத்துவிட்டு, யுபிஎஸ்ஸில் மேசை விளக்கை மட்டும் செருகி, யுபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். விளக்கு உடனே அணைந்தாலோ, ஓரிரு நிமிடத்தில் அணைந்தாலோ பேட்டரி முடிந்துவிட்டது. பேட்டரியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

அளவையும் பாருங்கள். 650 விஏ என்று பெரிதாகப் போட்டிருக்கும் யுபிஎஸ்கள் பல 360 முதல் 390 வாட்தான் தாங்கும். விளையாட்டுக்கான கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியை அதில் மாட்டினால் கரண்ட் போகும் நேரம் பார்த்து அது கைவிடும். லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸின் பேட்டரித் துளையில் ஒருபோதும் செருகாதீர்கள்.

படி 5: பெட்டியைத் திறப்போம்

சுவரில் குற்றமில்லை என்று உறுதியானால் பெட்டி. பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு, பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு உள்ளே கை வையுங்கள்.

செம்மண் பாதையில் லாரி போகும் இடங்களில் தூசி சிவப்பாகப் படியும். வீட்டுக்குள் வேறு ஒன்று உண்டு: சாமி மேடைக்குக் கீழே கணினியை வைத்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகை. விசிறி அதை உள்ளே இழுக்கும், எண்ணெய்ப் பசையோடு தூசியைப் பிடித்து, புராசசரின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்கின் தகடுகளுக்கு நடுவில் கம்பளித் துணிபோல ஒட்டிவிடும். ஊதினால் போகாது. பிரஷ்ஷால் மெதுவாகக் கிளறி எடுக்க வேண்டும். திறந்த உடனே கோயில் வாசனை அடிக்கும் பெட்டிகள் என் கடைக்கு மாதத்துக்கு ஒன்றாவது வரும். சாமி மேடையை நகர்த்தச் சொல்லவில்லை, கணினியை நகர்த்துங்கள். ஊதும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுழல விட்டால் கெட்டுவிடும். புராசசரின் மேல் இருக்கும் விசிறி சுழல்கிறதா, ஹீட்சிங்கின் நான்கு பூட்டும் மதர்போர்டில் இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு பூட்டு கழன்றிருந்தாலே போதும், சூடு ஏறிவிடும்.

வெப்பத்தை 'எச்டபிள்யூ இன்ஃபோ' போன்ற இலவச மென்பொருளில் பார்க்கலாம். அறையே 33 டிகிரி இருக்கும் ஊரில் சும்மா இருக்கும்போது 45, 50 இருப்பது சாதாரணம். வேலை செய்யும்போது 80களில் இருந்தாலும் பரவாயில்லை. 95, 100ஐத் தொட்டு அங்கேயே நின்றால் புராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் பூசியிருக்கும் பேஸ்ட்டை மாற்றி, விசிறியைப் பாருங்கள்.

இப்போது யாரும் சொல்லாத ஒன்று: ரீசெட் பட்டன். பெட்டியின் முன்னால் இருக்கும் அந்தச் சின்னப் பட்டனிலிருந்து இரண்டு மெல்லிய வயர் மதர்போர்டின் ஓரத்துக்குப் போகும். பட்டன் ஒட்டிக்கொண்டாலோ, வயர் இரும்பில் நசுங்கி உறை உரிந்தாலோ, யாரோ ரீசெட்டை அழுத்திக்கொண்டே இருப்பது போலக் கணினி நினைத்துக்கொள்ளும். மேசையை இடித்தால் ரீஸ்டார்ட் ஆகிறது, கதவை அறைந்து சாத்தினால் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள். மதர்போர்டில் அந்த வயர் செருகியிருக்கும் இடத்தில் சின்ன எழுத்தில் ரீசெட் என்று போட்டிருக்கும். அந்த இரண்டு துளைச் செருகியை மட்டும் உருவிவிட்டு ஓட்டுங்கள். ரீசெட் பட்டன் இல்லாமலும் கணினி நன்றாக ஓடும். பழுது நின்றுவிட்டால் உங்கள் செலவு பூஜ்யம்.

உள்ளே இருக்கும்போதே மதர்போர்டில் நிற்கும் சிறு உருளைகளைக் கவனியுங்கள். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அந்த மதர்போர்டின் காலம் முடிந்தது. பல்லி செத்துக் கிடந்தால் வருத்தப்படுங்கள், ஆனால் அது எதைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது என்றும் பாருங்கள்.

படி 6: ரேம்

ரேம் பட்டையைக் கழற்றி, தங்க நிறப் பல்வரிசையைப் பள்ளிக்கூட அழிரப்பரால் மெதுவாகத் தேய்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. வேலை செய்யும், ஆனால் ரப்பர் தூள் துளைக்குள் போகக் கூடாது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைப்பது இன்னும் நல்லது. இரண்டு பக்கமும் 'டக்' என்று பூட்டு விழும்வரை அழுத்திச் செருகுங்கள்.

சோதனைக்கு 'மெம்டெஸ்ட்86 பிளஸ்' இலவசமாகக் கிடைக்கும். பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியை எழுப்பி, இரவு முழுதும் ஓட விடுங்கள். காலையில் ஒரே ஒரு தவறு காட்டினாலும் அது தவறுதான், "ஒண்ணுதானே" என்று விடாதீர்கள். இரண்டு பட்டை இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்தால் எது என்று தெரிந்துவிடும். பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்று ரேமை வேகமாக ஓட்டும் அமைப்பு போட்டிருந்தால் முதலில் அதை எடுத்துவிட்டுச் சோதியுங்கள். பாதி நேரம் பட்டையில் குற்றம் இருக்காது, அந்த வேகத்தில்தான் இருக்கும்.

படி 7: பவர் சப்ளை

சும்மா இருக்கும்போது விழாமல், விளையாட்டோ வீடியோ எடிட்டிங்கோ தொடங்கிய சில நிமிடத்தில் விழுந்தால், வெப்பமும் சரியாக இருந்தால், இங்கே வாருங்கள். கிராபிக்ஸ் கார்டு திடீரென்று மின்சாரம் கேட்கும், கிழட்டுப் பவர் சப்ளையால் கொடுக்க முடியாது.

பயாஸிலோ மென்பொருளிலோ 12 வோல்ட் லைனைப் பார்க்கலாம். 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம். 5 வோல்ட் லைன் 4.75 முதல் 5.25. ஆனால் மென்பொருள் காட்டும் எண்ணை நான் முழுதாக நம்புவதில்லை, மல்ட்டிமீட்டரே நல்லது. அதுவும்கூடக் கண நேரச் சரிவைக் காட்டாது. வேலை செய்யும் இன்னொரு பவர் சப்ளையை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை. கடைக்காரர்கள் சோதனைக்கென்று ஒன்று வைத்திருப்பார்கள், கேளுங்கள்.

பவர் சப்ளையை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். புதிது வாங்கினால், பெட்டியோடு இலவசமாக வரும் பெயர் தெரியாததை வாங்காதீர்கள். தூக்கிப் பார்த்தாலே தெரியும், நல்லது கனமாக இருக்கும். கிராபிக்ஸ் கார்டின் எட்டு முனைச் செருகி ஒன்று 150 வாட், ஆறு முனை 75 வாட், மதர்போர்டின் துளை வழியே இன்னொரு 75 வாட் வரை வரும். இதைக் கூட்டி, புராசசருக்கும் மற்றவற்றுக்கும் சேர்த்து, அதற்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு வாங்குங்கள்.

படி 8: விண்டோஸ், வட்டு

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. படி 2இல் 0 அல்லாத குறியீடு வந்தவர்களுக்குத்தான் இது. கிராபிக்ஸ் டிரைவரை முழுதாக எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ'வில் வட்டின் நிலை 'குட்' என்று நீலத்தில் இருக்க வேண்டும், மஞ்சளானால் வட்டை மாற்றுங்கள். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து விண்டோஸ் கோப்புகளைச் சோதிக்கும் sfc /scannow கட்டளையை ஓட்டுங்கள். கோளாறு தொடங்கிய நாளுக்கு முன்னால் என்ன புதிதாகப் போட்டீர்கள் என்று யோசியுங்கள், 'ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' திரையில் அது நாள் வாரியாகத் தெரியும். இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் புராசசர் வைத்திருப்பவர்கள் பயாஸைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். அவற்றில் சில நிலையில்லாமல் போகும் கோளாறுக்கு 2024இல் இன்டெல்லே திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு வருடம் கூட்டியது. எல்லாம் முடிந்தும் தீரவில்லை என்றால், நகல் எடுத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடலாம். போடுவது 10 என்றால் யோசியுங்கள், அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

கடைக்குக் கொண்டு வந்தால்

நோட்டையும் கொண்டு வாருங்கள். பவர் கேபிளையும், எக்ஸ்டென்ஷனையும், யுபிஎஸ்ஸையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள். வெறும் பெட்டியைக் கொண்டு வந்தால் என் மேசையில் அது ஒழுங்காகத்தான் ஓடும், நீங்களும் நானும் ஒருவரை ஒருவர் சந்தேகப்படுவோம்.

ஆசிரியரின் கணினிக்குப் புது எக்ஸ்டென்ஷன் ஒன்று வாங்கினோம், சிரிம் முத்திரையோடு. கணினியை அறையின் மறுபக்கச் சுவருக்கு நகர்த்தினோம். வயரிங்காரர் வந்து சமையலறைக்குத் தனிப் பாயிண்ட் போட்டுக் கொடுத்தார். முன்பு வாங்கிய ரேம் இன்னும் அதிலேயே இருக்கிறது, கெடுதல் ஒன்றும் இல்லை, கொஞ்சம் வேகம் கூடியது. திருவிழாக் கணக்கை நேரத்தோடு முடித்துவிட்டார். நோட்டை மட்டும் விடவில்லை. போன தடவை பிரிண்டர் மைக்கு வந்தபோது திறந்து காட்டினார். கடைசிப் பதிவு சிவப்பு மையில்: ஏப்ரல் 21, மாலை 5.10, இடி, நானே பிடுங்கினேன்.